எனக்கு வேணும் சாமி!

ஆன்சைட்ல போய் பாஷை தெரியாம முழிச்ச கதையை நாம எல்லாருமே ஒரு பதிவாவது போட்டிருப்போம். அதே கூத்து எங்க ஊர்ப் பக்கம் தலைகீழா நடந்திருக்கு. அதான் இந்தப் பதிவு.

திருச்செந்தூர்ல இருந்து தெக்க சுமார் 18 கி.மீ. போனா மணப்பாடு. கடலை ஒட்டின மணல் குன்று, அதுல ஒரு குகை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கின குகைன்னு காட்டுவாங்க. மனுஷர் பாரிஸ் பல்கலைக்கழகத்துல படிச்சு, அங்கேயே அரிஸ்டாட்டில் பாடம் நடத்தினவர். தாய்மொழி பாஸ்க். இங்க வந்தா அத்தனை படிப்பும் செல்லாக்காசு!

கொஞ்சம் தமிழும் கொஞ்சம் போர்த்துக்கீசும் தெரிஞ்சவங்களை உக்கார வச்சு, பல நாள் மல்லுக்கட்டி ஜெபங்களை மொழிபெயர்த்தார். அதை நெட்டுரு போட்டு, கையில மணியோட தெருத்தெருவாப் போய் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம்தான் தெரிஞ்சது வில்லங்கம். 1544-ல் தன் சகா மான்சிலாசுக்கு எழுதின கடிதத்துல திருத்தம் சொல்றார். 'விசுவசிக்கிறேன்'னு வரவேண்டிய இடத்துல 'வேணும்'னு போட்டிருக்காங்க. அதாவது ஊரே சேர்ந்து, கடையில கருப்பட்டி கேக்கிற மாதிரி, 'எனக்குக் கடவுள் வேணும்'னு சொல்லிட்டு இருந்திருக்கு :-) இன்னொரு இடத்துல, கிறிஸ்து பலவந்தத்தால பாடுபட்டார்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தை. அவர் மனசாரல்லவா பட்டார், அதை எடுத்திடுன்னு எழுதறார்.

சிரிப்பா இருந்தாலும், நம்பிக்கையை மட்டுமே சொல்ல வந்த ஆளுக்கு அந்த வார்த்தையே தப்பிப் போனா எப்படி இருந்திருக்கும்?

அவருக்குப் பின்னால 1547-ல் இந்தக் கரைக்கு வந்த அன்றீக்கு அடிகளார் தமிழை ஒழுங்காக் கத்துக்கிட்டார். இலக்கணமே எழுதினார். 1578-ல் கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சாச்சு. 16 பக்கம். இந்திய மொழி எழுத்துல இந்தியாவுல அச்சான முதல் புத்தகம் அதுதான். 'வேணும்'ல தடுக்கி விழுந்து 34 வருஷத்துல தமிழ் அச்சேறிடுச்சு!

எனக்குப் பிடிச்சது சவேரியாரோட இன்னொரு கடிதம். அதுவும் 1544-தான். துபாஷி பக்கத்துல இல்ல. நான் பேசறது அவங்களுக்குப் புரியல, அவங்க பேசறது எனக்குப் புரியல, என் பிரசங்கம் எப்படி இருக்கும்னு நீயே யோசிச்சுக்கோன்னு புலம்பறார். ஆனா ஏழைங்க வந்து நின்னா மட்டும், அவங்க தேவை என்னன்னு துபாஷி இல்லாமலே புரியுதாம்.

அந்த இடத்துல 'வேணும்'ங்கிறது சரியான வார்த்தைதான், இல்லையா?