யாழ்ப்பாணத்து மனையறம்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டு அரசர் செய்த போர்களோடும், அவர்கள் கட்டிய கோட்டைகளோடும் முடிந்துவிடுவதில்லை. கோட்டைக்குள் இருந்தவனும் வெளியே இருந்தவனும் நாள்தோறும் உண்டனர், உடுத்தனர். அவர்களுக்கு உணவும் உடையும் எவ்வாறு கிடைத்தன, மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் எவ்வாறு பிழைத்தனர் என்னும் வினாக்களும் வரலாற்று வினாக்களே. யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டிலும், ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டிலும், ஆங்கிலேயர் 1795 ஆம் ஆண்டிலும் கைப்பற்றினர் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அம்மூன்று ஆட்சிகளின்போதும் வீட்டுக் கோடியிலும் அடுக்களையிலும் நடைபெற்ற ஆட்சியைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிதே. அந்த ஆட்சி பெண்களின் கையில் இருந்தது. இக்குடாநாட்டு மக்களை நெருக்கடிகளிற் காத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்தின் அடியிற் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிய மழைநீரே கிணற்று நீர். ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலே மிகுதி. இத்தகைய நிலத்தில் வாழ்வோர் மூன்று மாத மழையைக்கொண்டு பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டும். ஆகவே சேமித்தல் என்பது இங்கு செல்வரின் குணமாக அமையாமல், எல்லோரும் கற்றேயாகவேண்டிய கலையாயிற்று. யாழ்ப்பாணத்து மனையறத்தின் மூலகாரணம் இதுவே.

கோடித்தோட்டம்

துலாமிதித்து இறைத்த காலத்தில் ஒவ்வொரு பட்டை நீரும் மனித உழைப்பின் விலை பெற்றிருந்தது. அதனை வீணே ஓடவிட எவரும் துணியார். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே வாழையடிக்குச் சென்றன. வாழையை அடுத்துக் கறிவேப்பிலை, அதற்கப்பாற் கத்தரி, வெண்டி, மிளகாய், பந்தலிற் பாகலும் புடலும் அவரையும், வேலியோரத்தில் முருங்கை. வல்லாரை, தூதுவளை, முசுட்டை முதலிய இலைகள் கறியாகவும் மருந்தாகவும் பயன்பட்டன. நிலத்தினுள்ளே இராசவள்ளியும் மரவள்ளியும் வளர்ந்தன. வேலியிலே நின்ற கிளுவையும் பூவரசும் எல்லையைக் காத்ததோடு ஆட்டுக்கு உணவும் தோட்டத்துக்குப் பசளையும் அளித்தன.

இத்தோட்டத்துப் பயிர்கள் யாவும் பழமையானவை எனக் கருதுதல் தவறு. மிளகாய், மரவள்ளி, கொய்யா, அன்னாசி, பப்பாசி ஆகியன அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை; ஐரோப்பியக் கப்பல்கள் கீழைநாடுகளுக்கு வந்த பின்னரே இங்கு பரவியவை. மிளகாய் என்னும் பெயரே இதற்குச் சான்று. மிளகின் உறைப்பை உடைய காய் என்று, பழகிய பொருளின் பெயராற் புதிய பொருளை அழைத்தனர். இன்று யாழ்ப்பாணத்துக் கறியின் அடையாளம் எனக் கூறப்படும் உறைப்பும் சிவப்பும் இவ்வாறு வந்து சேர்ந்தவையே. வந்ததை ஏற்றுத் தமதாக்கிக்கொண்ட ஆற்றல் இல்லத்தரசிகளுக்கு உரியது.

சேமித்து வைத்தல்

உணவு கெடுவதற்கு அதிலுள்ள நீர் காரணமாகும். நீரை வெயிலால் அகற்றினும், உப்பாலோ வெல்லத்தாலோ அதனைக் கட்டுப்படுத்தினும் உணவு நீண்டநாள் நிலைக்கும். இவ்விதியை நூலிற் கல்லாமலே யாழ்ப்பாணத்துப் பெண்கள் கையாண்டனர். பாகலும் கத்தரியும் வற்றலாயின. மிளகாய் மோரில் ஊறி வெயிலிற் காய்ந்தது. வேப்பம்பூவும் வாழைப்பூவும் உழுந்தோடு சேர்ந்து வடகமாயின. எலுமிச்சையும் மாங்காயும் உப்பிலே கிடந்து ஊறுகாயாயின.

இவை எல்லாவற்றுக்கும் தலையாயது பனை. அதன் பயன்கள் எண்ணூற்றொன்று எனத் தாலவிலாசம் என்னும் நூல் தொகுத்துக் கூறியது. 1850 ஆம் ஆண்டில் வில்லியம் பேர்குசன் என்னும் ஆங்கிலேயர் இம்மரம் ஒன்றைப் பற்றியே தனிநூல் எழுதினார். பனையின் பயன்கள் ஆண்டுச் சக்கரத்தோடு ஒட்டிச் சுழல்வன. பாளையிலிருந்து சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்து ஓலைக் குட்டான்களில் இட்டனர். ஆடி, ஆவணியிற் பழம் விழுந்தது. பழத்தின் களியைப் பிசைந்து பாயிலே பரப்பி, ஒரு படை காய அதன்மேல் மறுபடை ஊற்றிப் பினாட்டு ஆக்கினர். எஞ்சிய விதைகளையும் எறிந்துவிடவில்லை. மழைக்கு முன் அவற்றைப் பாத்தியில் அடுக்கினர். மழை ஓய்ந்த பின் தை, மாசியிற் கிழங்கு கிண்டினர். பச்சையாகக் கீறி உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். ஒரு பழத்தின் களியும் விதையும் முளையும் உணவாயின. நன்கு காய்ந்த ஒடியல் அடுத்த மழைக்காலத்தையும் தாண்டி இருக்கும். நெல் பொய்த்த வீட்டில் ஒடியல் பொய்ப்பதில்லை.

அடுக்களை

ஒடியல் மாவுக்குக் கசப்புண்டு. அதனை நீரில் ஊறவைத்து வடித்த பின்னரே சமைப்பர். அம்மாவிற் புளியும் மிளகாயும் சேர்த்து, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை ஆகியவற்றோடு, கடலோர ஊர்களில் மீனும் நண்டும் இட்டுக் காய்ச்சுவதே கூழ். ஆராய்ந்து பார்ப்பின் இது அந்த நாளில் தோட்டத்திலும் கடலிலும் எது கிடைத்ததோ அதனை ஒரே பானையிற் சேர்த்துப் பலருக்குப் பகிரும் முறையாகும். பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் அதனைக் குடித்தனர். கழுவவேண்டிய பாத்திரமும் இல்லை. பிட்டு அவிக்க நீத்துப்பெட்டியும், மா தெள்ளச் சுளகும், பொருள் சுமக்கக் கடகமும் அதே பனையின் ஓலையால் ஆனவை.

ஈழத் தமிழரின் வீட்டுச் சொற்களும் வரலாறு கூறுவன. குசினி, பாண், அலுமாரி, மேசை, கதிரை, யன்னல், துவாய், லேஞ்சி என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் ஆட்சி யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டளவில் முடிந்தது. அவர்தம் சொற்கள் நானூறு ஆண்டுகளாக வீட்டுக்குள் வாழ்கின்றன. ஆயினும் உரல், உலக்கை, அம்மி, திரிகை, அகப்பை, சுளகு என்பன தமிழாகவே நின்றன. தளபாடத்தின் பெயர்கள் மாறின. உழைப்புக் கருவிகளின் பெயர்கள் மாறவில்லை. மாற்றம் வீட்டின் எப்பகுதியில் நுழைந்தது, எப்பகுதியில் நுழையவில்லை என்பதை இது காட்டும்.

இழைத்தலும் தைத்தலும்

வேட்டியும் சேலையும் தையல் வேண்டாத உடைகள். ஆகவே பழைய யாழ்ப்பாணத்துப் பெண்ணின் விரல்கள் முதலில் அறிந்தது ஓலையையே. பாய் இழைத்தலும் பெட்டி இழைத்தலும், கடகத்தின் விளிம்பை நாராற் பொத்துதலும் அவளுடைய கைவினைகள். துணித்தையல் பரவுவதற்குப் பெண்கள் பாடசாலைகள் துணைபுரிந்தன. 1824 ஆம் ஆண்டில் உடுவிலில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் தொடக்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடும் வாசிப்போடும் தையலும் கற்பிக்கப்பட்டது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என வினவிய பெற்றோருக்கும் ஊசிவேலையின் பயன் விளங்கியிருக்கும். 1877 ஆம் ஆண்டிற் சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தபின் தையல் இயந்திரம் மெல்ல மெல்ல வீடுகளை அடைந்தது. கணவனை இழந்தவளும் வருவாய் குன்றிய குடும்பத்தவளும் வாசலைக் கடவாமலே பொருளீட்ட அது வழிசெய்தது. வீட்டிலோ ஒரு சேலை பல பிறவி எடுத்தது. கிழிந்தபின் குழந்தைக்குச் சட்டையாயிற்று, ஏணையாகக் கட்டப்பட்டது, பின் கைபிடித்துணியாகி, இறுதியில் விளக்குத் திரியாக எரிந்தது.

சட்டமும் கல்வியும்

இவ்வுழைப்புக்குச் சமூகம் அளித்த மதிப்பு யாது? ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 ஆம் ஆண்டிற் தொகுத்த தேசவழமை, மணவாழ்விற் சேர்ந்த பொருளைத் தேடிய தேட்டம் எனப் பிரித்துக் கூறுகிறது. பெண் கொண்டுவந்த சீதனம் வேறு, இருவரும் வாழ்ந்து சேர்த்தது வேறு என்னும் இக்கொள்கையில், இல்லம் இருவர் முயற்சியால் உயர்கிறது என்னும் உணர்வு உண்டு. ஆயினும், தன் அசையாச் சொத்தை விற்பதற்கும் மனைவி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும் என 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் விதித்தது. வீட்டை நடத்தத் தகுதி பெற்றவள் காணியை விற்கத் தகுதியற்றவளாகக் கருதப்பட்டாள்.

இல்லறக் கலைகளைப் பொதுநலத்தோடு இணைத்தவருள் மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். கனடாவிற் பிறந்து 1896 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த அவர், 1930 ஆம் ஆண்டில் இலங்கை மகளிர் சமித்தியைத் தோற்றுவித்தார். கிராமப் பெண்கள் ஒன்றுகூடித் தோட்டம், சத்துணவு, தையல், உடல்நலம் ஆகியவற்றைக் கற்கவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் நோக்கம். 1958 ஆம் ஆண்டில் மக்சேசே விருது அவரை நாடி வந்தது. வீட்டுவேலை என ஒதுக்கப்பட்டது அறிவாகக் கற்பிக்கத்தக்கது என்பதை அவர் பணி உணர்த்திற்று.

மூன்று சோதனைகள்

இருபதாம் நூற்றாண்டில் இக்கலைகள் மும்முறை சோதிக்கப்பட்டன. 1942 ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் என்னும் சொல் தமிழ் வீடுகளிற் புகுந்தது. அரிசிக்குப் பழகிய வீடுகள் குரக்கனையும் கிழங்கையும் ஒடியலையும் மீண்டும் நாடின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் அரிசியும் மாவும் அரிதாயின. மரவள்ளி பல வீடுகளின் ஒருநேர உணவாயிற்று. அதே கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு நல்விலை தந்து பல வீடுகளை உயர்த்தியது. 1977 இல் இறக்குமதி திறக்கப்பட, அவ்விலை வீழ்ந்தது.

மூன்றாவது சோதனை கொடியது. 1990 ஆம் ஆண்டில் மின்சாரமும் புகையிரதமும் நின்றன. எரிபொருள், பசளை முதலிய பல பொருள்கள் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுத் திரியேற்றிய விளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். கோடித்தோட்டமும் பனங்கட்டியும் ஒடியலும் மிதிதையல் இயந்திரமும் மீண்டும் வீட்டைத் தாங்கின. ஆனால் 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது தோட்டத்தையும் கிணற்றையும் எவராலும் எடுத்துச்செல்ல இயலவில்லை. வற்றற்பானையும் அவ்வாறே. எடுத்துச்செல்லக்கூடியதாய் இருந்தது கைப்பழக்கம் ஒன்றே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒடியல் மா விற்பனையாவதும், பனிக்காலத்திற் கூழ் காய்ச்சப்படுவதும் அக்கைப்பழக்கத்தின் தொடர்ச்சியாம்.

மதிப்பீடு

பழமையைப் போற்றுமிடத்து அதன் சுமையை மறத்தல் நேர்மையாகாது. உரலும் திரிகையும் பெண்ணின் நாளையும் தோளையும் விழுங்கின. விடியுமுன் எழுந்து மற்றெவரும் உண்டபின் உண்ட பெண்களின் களைப்பே பல வீடுகளின் சிக்கனம். மரமேறிக் கருப்பநீர் இறக்கியவரும் பிறர் தோட்டத்தில் துலாமிதித்தவரும் தாம் நிறைத்த வீடுகளின் உள்ளே இடம்பெறாத காலமும் இருந்தது. அரைக்கும் இயந்திரமும் நீர்ப்பம்பியும் வந்தது நன்றே. அவற்றால் விடுபட்ட நேரம் பெண்களைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப உதவிற்று. உழைப்பின் கொடுமை ஒழியவேண்டும். ஒழியவேண்டாதது அதனுள் இருந்த அறிவு.

அவ்வறிவு ஒழிந்துவரும் நிலையிலேயே உள்ளது. போரில் எண்ணிறந்த பனைகள் தறிக்கப்பட்டன. 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை மரத்தைக் காக்கலாம். எந்தப் பதத்தில் ஒடியல் கீறவேண்டும், எத்தனை நீர் மாற்றினால் மாவின் கசப்பு நீங்கும், எந்த வெயிலில் வடகம் இடவேண்டும் என்பன முதியோரின் விரலிலும் நாவிலுமே உள்ளன. ஒரு கல்வெட்டு மண்ணுக்குள் ஆயிரமாண்டு கிடந்தபின்னும் படிக்கப்படலாம். ஒரு மூதாட்டியின் கைப்பக்குவம் அவரோடு மறைந்தால் அகழ்ந்தெடுக்க எதுவும் இராது. ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த சமூகம் அடுக்களையிலிருந்தும் ஏடெடுத்து எழுதுதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து முதியோரிடம் கேட்டு, அளவும் காலமும் முறையும் பிழையாது பதிந்துவைப்பின், அதுவே யாழ்ப்பாண வரலாற்றின் எழுதப்படாத அதிகாரத்துக்கு முதல் ஏடாகும்.