ஒரு பூச்சி தந்த நிறமும் ஒளியும்

எனது சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. ஒருநாள் தியாகராஜ பாகவதரின் இசைத்தட்டொன்று என் கையிலிருந்து நழுவி, மண்சட்டி போலச் சிதறியது. அதற்காக வாங்கிய அடி மறந்துவிட்டது. பெரியப்பா சொன்ன வார்த்தை மட்டும் மறக்கவில்லை: "அது அரக்கடா தம்பி. விழுந்தால் உடையத்தான் செய்யும்."

பல ஆண்டுகள் கழித்து, பத்திரிகைப் பணியாகக் கண்டிப் பகுதிக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே முதியவர் ஒருவர், கடைசல் யந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்த மரத்துண்டின் மீது சிவப்புக் குச்சியொன்றை அழுத்திப் பிடித்தார். உராய்வின் வெப்பத்தில் குச்சி இளகி, மரத்தைச் சுற்றி நிறம் படர்ந்தது. ஓலைத்துண்டொன்றால் அதைத் தேய்த்ததும் கண்ணாடி போல் மினுங்கிற்று. குச்சி எதனால் ஆனதென்று கேட்டேன். "லாக்கட" என்றார் சிங்களத்தில். அரக்குத்தான்!

பாரதக் கதையின் அரக்கு மாளிகையை அறியாத தமிழர் இலர். ஆனால், அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டி வாழும் மிகச் சிறிய பூச்சியொன்றின் கசிவு என்பதைப் பலர் அறியார். அந்தக் கசிவில் இரு பொருட்கள் உள்ளன. ஒன்று, நீரில் கழுவினால் பிரியும் செஞ்சாயம். மற்றையது, ஸ்பிரிட்டில் கரைந்து, உலர்ந்ததும் ஒளிவிடும் பிசின். மரத்துக்கு நிறமூட்டும் கலையின் வரலாறு இவ்விரண்டும் பிரிந்த கதையோடு பின்னிப் பிணைந்தது.

இலங்கையின் அரக்கு வேலை இருவகைப்படும். கடைசல் யந்திரத்தில் செய்யப்படுவது 'பிரலு' வேலை. மாத்தளை ஹப்புவிதவில் புகழ்பெற்றது 'நியபொத்து' வேலை. இதில் கலைஞர் இளகிய அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் பொருளின் மீது பதித்து வெட்டுவார். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்பனவே மரபான நிறங்கள். ஈட்டித்தண்டுகள், கொடிக்கம்புகள், விசிறிப் பிடிகள், ஏட்டுச் சுவடிகளின் சட்டங்கள் என யாவும் இவ்வாறு அணிபெற்றன. இந்த மரபில் மரம் வெளியே தெரிவதில்லை. நிறம் அதனை முழுமையாக மூடிவிடுகிறது.

இக்கலையை உலகறியச் செய்தவர் ஒரு தமிழரின் மைந்தர். சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி 1877 இல் கொழும்பில் பிறந்தார். 1903 முதல் 1906 வரை கனிமவள ஆய்வுப் பணியின் தலைவராக இத்தீவின் கிராமங்களில் அலைந்தார். பாறைகளைத் தேடிச் சென்றவர் கைவினைஞர்களைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி அவர் எழுதிய பெருநூல் 1908 இல் வெளியாயிற்று. வில்லியம் மொரிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சு யந்திரத்திலேயே அது அச்சாகியது. கைவினைஞரின் பட்டறைக்குள் நுழைந்த 'அனிலின்' சாயங்களை அவர் வெறுத்தார்.

அந்த வெறுப்பின் வேர் 1856 இல் உள்ளது. அவ்வாண்டு இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். கிடைத்ததோ ஊதாநிறச் சாயம். அதைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக இரசாயனச் சாயங்கள் வந்தன. அதுவரை இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற அரக்குச் சாயத்தின் சந்தை, சில தசாப்தங்களில் சரிந்தது. ஒருகாலத்தில் பொருளீட்டித் தந்த செந்நீர், அரக்குப் பட்டறைகளின் கழிவாயிற்று.

ஆனால், பிசினுக்கு மாற்று உடனே கிடைக்கவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, 'பிரெஞ்ச் பொலிஷ்' என்ற பெயரில் 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தளபாடங்களை மினுங்க வைத்தது. பின்னர் இசைத்தட்டாகவும் உருவெடுத்தது. 1948 இல் வைனைல் நெடுந்தட்டு வந்தபின்னரும் சில காலம் அது நீடித்தது.

பிரிந்த இவ்விரு பாதிகளும் வேறோர் இடத்தில் மீண்டும் சந்தித்தன. சில மரங்களின் நார்கள் நேராக ஓடாமல் அலையலையாக வளரும். வயலினின் பின்பலகையில் தெரியும் புலிவரிகள் அத்தகையன. அவற்றை வர்ணத்தால் மூடுவது பாவம் என்றே மேலைநாட்டுக் கடைசல்காரர் கருதுவர். வர்ணப்பொடி மேற்பரப்பில் அமர்ந்து வரிகளை மறைக்கும். சாயமோ கரைந்து நாருக்குள் இறங்கும். நாரின் முனை வெளியே வரும் இடங்களில் சாயம் கூடுதலாக ஊறும்; நார் படுத்திருக்கும் இடங்களில் குறைவாக ஊறும். ஆகவே, முதலில் கருஞ்சாயம் பூசி, உலர்ந்ததும் அரத்தாளால் தேய்ப்பர். வரிகளில் மட்டும் கருமை எஞ்சும். அதன்மீது இளஞ்சாயம் பூசி, இறுதியில் அரக்கு போன்ற தெளிந்த பூச்சை இடுவர். கிண்ணத்தைத் திருப்பும்போது, வைடூரியத்தில் ஒளிக்கோடு நகர்வதைப் போல வரிகள் நகரும்.

இதற்கும் அனுபவம் வேண்டும். ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தின் மீது அரக்கைத் தூரிகையால் பூசினால், அடியிலுள்ள நிறம் கலங்கிவிடும். நீலத்தின் மீது பொன்னிற அரக்கைப் பூசினால் பச்சை தட்டும். அதற்கு வெளுத்த அரக்கே உகந்தது. வெயில் படும் இடத்தில் வைத்தால் பல சாயங்கள் மங்கிப்போகும்.

மூடுவது சிறந்ததா, காட்டுவது சிறந்ததா என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. ஆனால், காட்டும் கலைக்கு ஒரு விலை உண்டு. எங்கள் தீவு அதைச் செலுத்தியிருக்கிறது. சிங்களத்தில் 'களுமெதிரிய' எனப்படும் கலமாண்டர், கருங்காலியின் இனம். கபிலமும் கருமையும் கலந்த வரிகள் கொண்ட அந்த மரத்துக்குச் சாயமே வேண்டியதில்லை. தெளிந்த பூச்சு ஒன்றே போதும். அந்த அழகே அதற்கு எமனாயிற்று. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் வெட்டி வெட்டி, 19 ஆம் நூற்றாண்டிலேயே அது கிடைத்தற்கரியதாயிற்று. வரியை விரும்பியவர்கள், வரியைத் தரும் மரத்தை நட நினைக்கவில்லை.

இழந்தவற்றுள் சில மீளவும் கூடும். ஆந்திராவின் எட்டிகொப்பாக்காவில், அரக்கு பூசிய கடைசல் பொம்மைகள் வெட்பாலை மரத்தில் செய்யப்படுகின்றன. அங்கும் இரசாயன நிறங்கள் பரவின. சி. வி. ராஜூ என்பவர் விதை, பட்டை, வேர், இலை ஆகியவற்றிலிருந்து எடுத்த சாயங்களை மீண்டும் அரக்கில் கலக்கச் செய்தார். 2017 இல் அப்பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குழந்தை வாயில் வைக்கும் பொம்மையில் என்ன நிறம் இருக்கிறது என்பதைச் செய்தவரே சொல்லக்கூடிய நிலை அங்கே திரும்பியிருக்கிறது.

குமாரசுவாமியின் சினத்தையும் நான் அவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். அனிலினின் நிறம் அழகற்றது என்பது மட்டுமல்ல அவரது குறை. நிறம் புட்டியில் அடைத்து வரத் தொடங்கியதும், அதன் பிறப்பை அறிந்தவர் பட்டறையில் இல்லாமற் போகிறார். அன்று சிவப்புக் குச்சியைப் பிடித்திருந்த முதியவரிடம், இத்தொழிலை யாருக்குப் பழக்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் யந்திரத்தை மீண்டும் சுழற்றினார்.