லெஸ்ஸா, ஃபியூவரா? ஒரு விதி வந்த கதை

ஆங்கில விடைத்தாள் திருத்தும்போது நாங்கள் அதிகம் சிவப்பு மை செலவழிக்கும் சொற்களில் ஒன்று 'லெஸ்'. எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்பது பாடம். தண்ணீர் என்றால் லெஸ், போத்தல்கள் என்றால் ஃபியூவர். தமிழில் இரண்டையும் 'குறைவான' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் புள்ளிகளை இழக்கிறார்கள்.

இத்தனை கண்டிப்பான விதி எப்போது வந்தது?

ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வெசெக்ஸை ஆண்டவர் மன்னர் அல்பிரட். ரோம அறிஞர் போத்தியஸின் நூலுக்கு அவர் பெயரில் வழங்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு. அதில் 'குறைந்த சொற்கள்' என்று சொல்ல வந்திருப்பது லெஸ்ஸின் பழைய வடிவம்தான்! அன்றைய இலக்கணத்தில் அது 'சொற்களில் குறைவு' என்பது போன்ற அமைப்பு. பிற்காலத்தில் பெயர்ச்சொல்லின் வேற்றுமை உருபு உதிர்ந்துபோனது. லெஸ் மட்டும் அதே இடத்தில் நின்றுவிட்டது.

ஏறத்தாழ 900 வருடங்கள் கழித்து, 1770இல், ரொபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தான் 15 வயதில் பாடசாலையை விட்டவன், கிரேக்கம் தெரியாது, லத்தீன் கொஞ்சம்தான், வீட்டில் புத்தகங்களும் அதிகமில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். (பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.) எண்ணிக்கையைக் குறிக்கும் இடத்தில் 'ஃபியூவர்' அழகாகவும் பொருத்தமாகவும் தனக்குப் படுகிறது என்பதே அவர் சொன்னது. ஒரு மனிதரின் விருப்பம் அது. பின்வந்த இலக்கண நூல்கள்தான் அதைச் சட்டமாக்கின.

சட்டமான பிறகு அதன் பிடி லேசானதல்ல. பிரித்தானியாவில் டெஸ்கோ நிறுவனம் '10 பொருட்கள் அல்லது லெஸ்' என்றிருந்த தன் அறிவிப்புப் பலகைகளை, '10 பொருட்கள் வரை' என்று 2008இல் மாற்ற வேண்டி வந்தது.

ஆனால் விதியை மட்டும் மனனம் செய்த பிள்ளைக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 5 கிலோமீற்றர், 1000 ரூபாய், இரண்டு கிழமை எல்லாமே எண்கள்தானே? என்றாலும் அங்கே 'லெஸ் தான்' என்பதே சரி. தூரம், பணம், காலம் ஆகியவற்றை ஆங்கிலம் ஒரே மொத்தமாகப் பார்க்கிறது.

ஆகவே பரீட்சையில் போத்தல்களுக்கும் மாணவர்களுக்கும் 'ஃபியூவர்' என்றே எழுதச் சொல்கிறோம். வகுப்பில் துணிந்து எழும்பி 'லெஸ் பீப்பிள்' என்று கதைக்கும் பிள்ளையை மட்டும் நாங்கள் இடைநடுவில் நிறுத்துவதில்லை.