'வெறும் கிராக்தான்... உடையலை!' - எலும்பு முறிவில் எத்தனை வகை, எதற்கு என்ன சிகிச்சை?

"டாக்டர், எலும்பு உடைஞ்சிருக்கா... இல்ல வெறும் கிராக்தானா?"

எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 'கிராக்தான்' என்று பதில் வந்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. 'அப்போ பயப்பட ஒண்ணுமில்ல, எண்ணெய் தேய்ச்சு நீவிவிட்டா சரியாகிடும்' என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால், மருத்துவத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்... ஃபிராக்சர். மயிரிழை விரிசலும் முறிவுதான், நாலைந்து துண்டாக நொறுங்கியதும் முறிவுதான். அது எந்த வகை முறிவு என்பதை வைத்துத்தான் மாவுக்கட்டு போதுமா, ஆபரேஷன் தேவையா, எத்தனை நாள் ஓய்வு என்று எல்லாம் முடிவாகிறது.

அந்த வகையைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். அவை உங்களுக்கும் தெரிந்திருந்தால், கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

தோல் கிழிந்திருக்கிறதா?

முதல் கேள்வி இதுதான். எலும்பு உள்ளேயே உடைந்து, மேலே தோல் கிழியாமல் இருந்தால் அது மூடிய முறிவு. உடைந்த இடத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே காயம் வழியாகத் தொடர்பு இருந்தால் திறந்த முறிவு. எலும்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்பதில்லை. முறிவுக்கு நேர் மேலே ஒரு சின்னக் காயம் இருந்தாலும் திறந்த முறிவாக இருக்கலாம்.

கிருமி எலும்பு வரை போய்விடும் என்பதால் இது அவசரம். ஆன்டிபயாடிக்கை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 1976-ல் அமெரிக்க மருத்துவர்கள் கஸ்டிலோ, ஆண்டர்சன் இருவரும் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒரு செ.மீ-க்கும் குறைவான, சுத்தமான காயம் என்றால் முதல் வகை. அதைவிடப் பெரிய காயம், ஆனால் தசைச் சேதம் அதிகமில்லை என்றால் இரண்டாம் வகை. தசை, தோல் எல்லாம் பெரிதாகச் சிதைந்திருந்தால் மூன்றாம் வகை.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. மூன்றாம் வகைக் காயங்களில் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுக்க வேண்டியிருக்குமா என்று கணிக்க, கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006-ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் கொடுப்பது இதன் சிறப்பு.

எலும்பு நகர்ந்திருக்கிறதா?

உடைந்த துண்டுகள் அதே இடத்தில் இருந்தால் 'நகராத முறிவு'. ரிப்போர்ட்டில் 'அன்டிஸ்பிளேஸ்டு' என்று இருக்கும். பெரும்பாலும் கட்டு போட்டாலே போதும். விலகியிருந்தால் 'டிஸ்பிளேஸ்டு'. அதை இழுத்து நேராக்கிக் கட்டுப் போடுவார்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் பிளேட், கம்பி, ஸ்க்ரூ என்று ஆபரேஷன்.

'கிராக்' என்பது நகராத முறிவு. அதை நீவிவிட்டாலோ, 'லேசான அடிதானே' என்று வண்டி ஓட்டினாலோ நகர்ந்த முறிவாக மாறிவிடலாம். கட்டோடு சரியாகியிருக்க வேண்டியது ஆபரேஷனில் போய் நிற்பது இப்படித்தான்.

எந்த வடிவத்தில் உடைந்திருக்கிறது?

* குறுக்கு முறிவு: கரும்பை ஒடித்ததுபோல நேர் குறுக்காக உடைவது.
* சாய்வு முறிவு: வாழைக்காயைச் சாய்வாக வெட்டியதுபோல.
* திருகு முறிவு: பாதம் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் சுழலும்போது எலும்பு முறுக்கிக்கொண்டு உடைவது.
* நொறுங்கிய முறிவு: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகள். ரிப்போர்ட்டில் 'கம்யூனிட்டட்'. வாகன விபத்துகளில் அதிகம்.
* அமுக்க முறிவு: முதுகெலும்பின் கட்டை நசுங்குவது. எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்குக் குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினால்கூட வரலாம்.

முறிவு மூட்டுக்குள் போகிறதா என்பதும் முக்கியம். மூட்டின் வழவழப்பான பரப்பில் மேடு பள்ளம் விழுந்தால், பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம்.

ரிப்போர்ட்டில் ஏன் நம்பர்?

சிலருடைய குறிப்பில் '42-ஏ' என்றெல்லாம் எழுதியிருக்கும். இது சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. அமைப்பின் முறை. முதல் எண் எந்த எலும்பு என்பதைச் சொல்லும். மேல்கை 1, முன்கை 2, தொடை 3, கீழ்க்கால் 4. இரண்டாவது எண் இடம். மேல்முனை 1, நடு 2, கீழ்முனை 3. எலும்பின் நடுப்பகுதியாக இருந்தால், 'ஏ' என்பது எளிய முறிவு, 'சி' என்பது சிக்கலானது. ஆக 42-ஏ என்றால், கீழ்க்கால் எலும்பின் நடுவில் எளிய முறிவு. அவ்ளோதான்!

குழந்தைகளுக்கு வேறு கணக்கு

குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. வளைத்தால் ஒரு பக்கம் பிளக்கும், மறுபக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இதுதான் 'கிரீன்ஸ்டிக்' முறிவு. சீக்கிரமே கூடிவிடும்.

கவனிக்க வேண்டியது, எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு. இதில் படும் அடியை 1963-ல் சால்டர், ஹாரிஸ் என்ற கனடா மருத்துவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். தட்டு நசுங்கினால் கையோ காலோ வளராமல் நின்றுபோகலாம், கோணலாக வளரலாம். 'சின்னப் பிள்ளைதானே, தானா சரியாகிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.

பாட்டி பாத்ரூமில் விழுந்தால்..?

வயதானவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைவது அதிகம். விழுந்தபின் இடுப்பு அல்லது தொடை இடுக்கில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது இதன் அடையாளங்கள். 'கார்டன்' வகைப்பாட்டில் இதற்கு நான்கு நிலைகள். நகராத முதல் இரண்டுக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ போதும். நகர்ந்துவிட்ட மூன்று, நான்குக்கு, வயதானவர்கள் என்றால் பெரும்பாலும் செயற்கை மூட்டு. 'இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?' என்று படுக்கையில் விட்டால் நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். அந்த ஆபத்து பெரியது.

எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு

திடீரென ஓட்டப்பயிற்சியைக் கூட்டுபவர்களுக்கு வரும் 'ஸ்ட்ரெஸ்' முறிவும், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்பின் முறிவும் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் 10 முதல் 14 நாள்களில் மறுபடியும் எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்வார்கள். 'அதான் ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்களே' என்று தவிர்க்க வேண்டாம்.

மறக்கக் கூடாதவை

* காயத்துடன் எலும்பு தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.
* ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.
* வீக்கம் வருமுன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள்.
* மாவுக்கட்டோ, நாட்டுக்கட்டோ... கட்டுப் போட்டபின் வலி ஏறிக்கொண்டே போனால், விரல்கள் மரத்துப்போனால், வெளுத்தால், நீலமானால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கட்டு இறுகியோ, உள்ளே வீக்கம் கூடியோ ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். சில மணி நேரத் தாமதத்தில் கை, காலையே இழக்க நேரிடலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் 'உடைஞ்சிருக்கா, கிராக்கா?' என்று கேட்காதீர்கள். 'நகர்ந்திருக்கா, மூட்டுக்குள்ள போயிருக்கா, மறுபடி எப்போ எக்ஸ்ரே எடுக்கணும்?' என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையான பதில் அதில்தான் இருக்கிறது.