வயநாட்டுத் தங்கமும் லண்டன் பங்குச் சந்தையும்

1871இல் அமெரிக்க மேற்கின் யூட்டா மலைப்பகுதியிலிருந்த எம்மா வெள்ளிச் சுரங்கம், பத்து இலட்சம் பவுண்டு மூலதனத்துடன் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதர் ராபர்ட் ஷென்க்கின் பெயரே இயக்குநர் பட்டியலில் இருந்தது. வெள்ளி விரைவில் தீர்ந்தது. முதலீட்டாளர் பணமும் உடன் போயிற்று. ஆயினும் பத்தாண்டு கழிவதற்குள் அதே சந்தை நீலகிரியின் பக்கம் திரும்பியது.

தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபாரிலிருந்து நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அங்கே மண்ணை அலசிப் பொன் எடுப்பது பழைய தொழில். 1879இல் இந்திய அரசு ஆஸ்திரேலியச் சுரங்க வல்லுநர் பிரஃப் ஸ்மித்தை ஆய்வுக்கு அமர்த்தியது. நம்பிக்கையூட்டிய அவரது அறிக்கை, பங்கு விற்போருக்கு அரசு முத்திரை பெற்ற விளம்பரமாயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன; அவற்றின் மொத்த மூலதனம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பவுண்டு. பந்தலூரில் குதிரைப் பந்தயத் திடல்கூட அமைந்தது.

இதனை வெறும் பேராசைக் கதையாகச் சொல்வது வழக்கம். அது போதாது. அக்காலத்தில் இலைநோயும் தண்டுத் துளைப்பானும் வயநாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தன. நொடித்த தோட்டங்கள் 'தங்க நிலம்' என்ற பெயரில் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. திரட்டிய மூலதனத்தில் பெரும்பங்கு, ஒரு டன் பாறையை அரைக்கும் முன்பே நிலம் விற்றவர்களைச் சேர்ந்தது. தோட்ட முதலாளிகளின் இழப்பு, முகமறியாத பங்குதாரர்களின் தலையில் இறங்கியது.

பாறையில் தங்கம் இல்லாமலில்லை. செலவுக்குக் கட்டும் அளவில் இல்லை. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான நிறுவனங்கள் கலைந்தன. ஆனால் 1880இல் இதே லண்டன் பணத்தில் தொடங்கிய மைசூர் தங்கச் சுரங்க நிறுவனம், மூடும் விளிம்புவரை சென்று, கோலாரில் சாம்பியன் படிவத்தைக் கண்டு செழித்தது. கோலார் சுரங்கங்கள் 2001 வரை இயங்கின. ஆகவே, முதலீட்டாளர் ஏமாளியா அறிவாளியா என்பதைப் பின்னாளைய விளைவை வைத்துத் தீர்ப்பது வரலாற்று முறையாகாது.

தில்லியின் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனியப் பொருளாதாரத்தைத் தேடும் மாணவர்கள், ஒரு நிறுவனத்தின் பங்கு அறிவிக்கை கையில் கிடைத்தால், அதில் வாக்களிக்கப்பட்ட இலாபத்தை மட்டும் பார்க்க வேண்டாம். நிலத்தை விற்றவர் யார், அவருக்கு எவ்வளவு, எப்போது தரப்பட்டது என்று முதலில் பாருங்கள். வயநாட்டின் உண்மையான பொன் அந்தப் பத்தியில்தான் இருந்தது.