இனமும் சட்டமும்: ஒரு கல்விப் பிரிவின் வரலாறும் அதன் கலைச்சொற்களும்

1. முன்னுரை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளியில் 2000ஆம் ஆண்டில் ஒரு தனிப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. இனத்திற்கும் சட்டத்திற்கும் உள்ள உறவே அதன் பாடப்பொருள். சட்டம் பயில்வோர் அதனைத் தம் சிறப்புப் பாடமாகத் தேர்ந்து பயிலலாம். 'திறனாய்வு இனக் கோட்பாடு' என்று இன்று வழங்கும் சிந்தனைக்கு ஒரு சட்டப்பள்ளியின் பாடத்திட்டத்தில் நிலையான இடம் கிடைத்தது இப்பிரிவின் வழியாகவே எனலாம். இப்பிரிவு தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவ்வரலாற்றில் பிறந்த கலைச்சொற்களைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்பொருளும் குடியுரிமையும்

அமெரிக்கக் குடியுரிமை பெறும் தகுதியை 1790ஆம் ஆண்டுச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' என்போர்க்கு மட்டுமே உரியதாக்கியது. 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அத்தகுதி நீட்டிக்கப்பட்டது. பிறருடைய விண்ணப்பங்கள் வந்தபோதெல்லாம் 'வெள்ளையர்' என்னும் சொல்லுக்குப் பொருள் காணும் பணி நீதிமன்றங்களைச் சேர்ந்தது.

1922இல் ஜப்பானில் பிறந்த ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்பது 'காக்கேசிய' இனத்தாரைக் குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, அவருடைய கோரிக்கையை மறுத்தது. அடுத்த ஆண்டிலேயே பஞ்சாபில் பிறந்த பகத்சிங் திந்த் என்பாரின் வழக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் அவர். இந்தோ-ஆரிய மொழி பேசுவோர் காக்கேசியர் என்னும் அக்கால வகைப்பாட்டை அவர் தரப்பு எடுத்துக்காட்டியது. ஆனால் இம்முறை நீதிமன்றம் அறிவியல் வகைப்பாட்டைக் கைவிட்டுப் பொதுமக்கள் வழக்கையே அளவுகோலாகக் கொண்டது. 'ஆரியர்' என்பது மொழி பற்றிய சொல்லேயன்றி உடற்கூறு பற்றியதன்று எனவும், பொதுமொழி பேசுவதால் இனம் ஒன்றாகிவிடாது எனவும் தீர்ப்புக் கூறியது. இவ்விரு தீர்ப்புகளையும் எழுதியவர் சதர்லாண்டு என்னும் ஒரே நீதிபதி ஆவார்.

மொழியியலார் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. மொழிவேறு இனம்வேறு என்னும் கூற்று சரியானதே. அச்சரியான கூற்றே ஒருவரின் உரிமையை மறுக்கும் கருவியாயிற்று. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் இத்தீர்ப்பின்பின் அதனை இழந்தனர். இந்தியர் குடியுரிமை பெறச் சட்டம் இடமளித்தது 1946இல்தான். இனம் இயற்கையில் கிடப்பதன்று, சட்டம் தன் தேவைக்கேற்ப வரையறுத்து ஆக்குவது என்னும் பின்னாளைய வாதத்திற்கு இவ்விரு வழக்குகளும் சிறந்த சான்றுகளாயின.

3. பாடமும் போராட்டமும்

ஹார்வர்டு சட்டப்பள்ளியில் நிலையான பேராசிரியப் பதவி பெற்ற முதல் கருப்பினத்தவர் டெரிக் பெல். இனமும் அமெரிக்கச் சட்டமும் பற்றிய அவருடைய பாடநூல் 1973இல் வெளிவந்தது. 1980களின் தொடக்கத்தில் அவர் ஆரிகன் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் தலைவராகச் சென்றபின் அப்பாடம் ஆசிரியரின்றி நின்றது. கருப்பின ஆசிரியர் ஒருவரை நிலையாக அமர்த்துமாறு மாணவர் வேண்டினர். பள்ளியோ வருகைதரு வழக்கறிஞர் இருவரைக் கொண்டு மூன்று வாரக் குறும்பாடம் ஒன்றை அமைத்தது. மாணவர் அதனைப் புறக்கணித்து, பெல்லின் நூலை அடிப்படையாகக் கொண்டு மாற்றுப் பாடம் ஒன்றைத் தாமே நடத்தினர். அதில் பங்குபற்றியோருள் கிம்பர்லே கிரென்ஷா, மாரி மட்சூதா ஆகியோர் பின்னர்ப் புகழ்பெற்ற சட்ட அறிஞராயினர்.

1989ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் இருபதுக்கும் மேற்பட்ட அறிஞர் கூடிய பயிலரங்கில் இச்சிந்தனை தனக்கென ஒரு பெயர் பெற்றது. 1996இல் கலிபோர்னியா வாக்காளர் ஏற்ற 209ஆம் முன்மொழிவு, அரசுக் கல்விநிறுவனங்களில் இன அடிப்படையிலான முன்னுரிமையைத் தடைசெய்தது. லாஸ் ஏஞ்சலிஸ் சட்டப்பள்ளியில் கருப்பின மாணவர் சேர்க்கை வெகுவாகக் குறைந்தது. இச்சூழலில்தான் 2000இல் மேற்கூறிய பிரிவு தோன்றிற்று. கிரென்ஷா, செரில் ஹாரிஸ் முதலியோர் அதில் கற்பித்தனர்.

4. கலைச்சொற்களும் தமிழும்

4.1 இனம். தமிழில் இச்சொல் வல்லினம், மெல்லினம், பறவையினம் என இயல்பான வகைகளைக் குறித்து வழங்குவது. ஆகவே 'இனம்' என்றவுடன் பிறப்பிலேயே அமைந்த பகுப்பு என்னும் கருத்து தானே வந்துவிடுகிறது. மூலநூலாரோ இதனையே மறுக்கின்றனர். சட்டம் மக்களை இனங்களாகப் பகுக்கும் செயலை அவர்கள் சுட்டுமிடத்து 'இனமாக்கம்' என்று தொழிற்பெயரால் பெயர்ப்பது பொருத்தமாகும்.

4.2 இனவெறி. நாளிதழ்களில் பெருவழக்காகிய இச்சொல்லில் 'வெறி' என்பது ஒருவருடைய மனநிலையைக் குறிக்கிறது. எவரும் வெறிகொள்ளாமலே ஒரு விதி பாகுபாட்டை விளைவிக்கக்கூடும் என்பது இவ்வறிஞர் கொள்கை. அவ்விடங்களில் 'இனப் பாகுபாடு' அல்லது 'இன ஒடுக்குமுறை' என்பதே ஏற்கத்தக்கது.

4.3 குறுக்குவெட்டு. 1989இல் கிரென்ஷா ஆக்கிய சொல்லுக்குத் தமிழில் 'குறுக்குவெட்டு' என்னும் சொல் பயில்கிறது. அறிவியல் பாடநூல்களில் இது ஒரு பொருளைக் குறுக்காக வெட்டினால் தோன்றும் பரப்பைக் குறிப்பது. கிரென்ஷா காட்டிய உவமையோ வண்டிகள் பல திசைகளிலிருந்து வரும் நாற்சந்தி. அவர் ஆராய்ந்த வழக்கு 1976இல் தீர்க்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது கருப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்தது அது. 1964க்கு முன் அந்நிறுவனம் கருப்பினப் பெண்களைப் பணியில் அமர்த்தவில்லை. ஆகவே பணிமூப்பின்படி ஆட்குறைப்பு நடந்தபோது பின்னர்ச் சேர்ந்த அவர்கள் வேலையிழந்தனர். இனத்தின் பெயரால் வழக்குத் தொடுக்கலாம், பாலின் பெயரால் தொடுக்கலாம், இரண்டையும் இணைத்துத் தொடுக்கலாகாது என்றது நீதிமன்றம்.

நம் இலக்கண மரபு இதனை விளக்க உதவும். நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் இரண்டிலும் தனித்து இல்லாத ஓர் எழுத்துத் தோன்றலாம், உள்ளது திரியலாம். இவ்விகாரத்தைச் சொற்களைப் பிரித்துவைத்துக் காண இயலாது. நீதிமன்றம் இயல்புப் புணர்ச்சியையே அறிந்தது; கிரென்ஷா காட்டியது விகாரப் புணர்ச்சி. எனவே சாலையையும் இலக்கணத்தையும் ஒருங்கே நினைவூட்டும் 'சந்தி' என்னும் சொல்லை அடியாகக் கொண்டு 'ஒடுக்குமுறைச் சந்திப்பு' என்று பெயர்ப்பது கருதத்தக்கது.

4.4 வெண்மை. 1993இல் ஹாரிஸ் எழுதிய கட்டுரை, வெள்ளையராக இருத்தலைச் சட்டம் காக்கும் ஒரு சொத்தாகக் காட்டுகிறது. இங்கு 'வெண்மை' என்றால் நிறப்பண்பு மட்டுமே புலப்படும். 'வெள்ளையர் தகுதி' என்பதே உரிமைப் பொருளையும் உணர்த்தும்.

5. முடிவுரை

2020 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை ஒன்று, கூட்டாட்சி அரசின் பணிப்பயிற்சிகளில் இனம், பால் பற்றிய சில கருத்துகளைத் தடைசெய்தது. 2021 சனவரியில் அடுத்த தலைவர் அதனை நீக்கினார். எனினும் மாநிலங்கள் பல பள்ளிப் பாடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. 2023இல் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டப்பள்ளியில் பிறந்த கலைச்சொற்கள் இவ்வாறு அரசியல் மேடைக்கும் செய்தித்தாளுக்கும் வந்துவிட்டன. அவற்றை அன்றன்று பெயர்க்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையாளும் ஒவ்வொரு சொல்லும் வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடும். ஒரு சொல்லின் பொருளை நீதிபதி ஒருவர் ஓராண்டிற்குள் மாற்றியதால் திந்த் இழந்தது குடியுரிமை. சொல்லைத் தேர்வதில் நாம் காட்டவேண்டிய கவனத்தின் அளவை அவ்வழக்கே உணர்த்துகிறது.