சாணமும் தண்டின் முதிர்ச்சியும்: விருட்சாயுர்வேத நூல்களில் போத்து நடவு

கிளையை வெட்டி நட்டுச் செடியாக்குவதைத் தமிழ் உழவர் வழக்கு 'போத்து நடுதல்' என்கிறது. இம்முறை குறித்த பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை (கி.பி. 6ஆம் நூற்றாண்டு). அதன் விருட்சாயுர்வேத இயல், பலா, அசோகு, வாழை, நாவல், மாதுளை, திராட்சை, அதிமுத்தகம் முதலியவற்றைத் தண்டு நட்டு வளர்க்கத்தக்கவையாகத் தொகுத்து, தண்டில் சாணம் பூசுமாறு கூறுகிறது. அதிமுத்தகம் பெரும்பாலும் குருக்கத்தி என்றே கொள்ளப்படுகிறது. மணமுள்ள வெண்பூக்களுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் படர்புதர் அது.

இப்பட்டியலைத் தோட்டக்காரரின் செயற்குறிப்பாக அப்படியே ஏற்பதில் இடர்ப்பாடு உண்டு. வாழை, கிழங்கிலிருந்து எழும் பக்கக்கன்றால் பெருகுவது. பலாவின் கிளைத்துண்டு எளிதில் வேர்விடுவதில்லை. மாதுளையும் திராட்சையுமே ஐயமின்றிப் பொருந்துகின்றன. அடுத்துவரும் அடி ஒட்டுக்கட்டுதலைக் குறிப்பதாகவும் பொருள்கொள்ளப்படுவதால், பல முறைகள் இங்கு ஒருங்கே சுட்டப்பட்டிருக்கலாம்.

சுரபாலரின் விருட்சாயுர்வேதம் இதனினும் தெளிவானது. சுமார் 11ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இந்நூல் 18 அங்குல (விரலளவு) நீளமுள்ள, மிக இளசும் மிக முற்றலும் அல்லாத தண்டைத் தேர்ந்து, பாதிக்குச் சாணம் பூசி, முக்கால் பகுதி புதையும்படி நட்டு, மணல் கலந்த சேற்றுநீர் தெளிக்கச் சொல்கிறது.

இச்சாணப் பூச்சைப் 'பண்டைய வேர் ஊக்கி' எனப் போற்றுவது அவசர முடிபு. இண்டோல் அசிட்டிக் அமிலம் ஆக்சின் என இனங்காணப்பட்டது 1934இல். இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேர்விடுதலைத் தூண்டுவதை சிம்மர்மனும் வில்காக்சனும் அறிவித்தது 1935இல். சாணம் வெட்டுவாய் உலராமற் காத்தது என்ற எளிய விளக்கமே அப்பாடல்களுக்குப் போதுமானது. ஆய்வாளர் கவனிக்கத் தவறுவது 'இளசும் முற்றலும் அல்லாத' என்ற தொடரை. இளந்தண்டு வேர்விடுமுன் வாடிவிடும். முற்றிய தண்டில் பல செடிகளுக்கு வேர் முளைப்பது அரிது. இவ்வேறுபாடு ஏட்டிலிருந்து வருவதன்று. பட்டுப்போன குச்சிகளைப் பலமுறை பிடுங்கி எறிந்த கைகள் அறிந்தது.

குண்டுமல்லி இன்றும் விதையால் பயிராவதில்லை; நடுத்தர முதிர்ச்சியுள்ள குச்சிகளும் பதியன்களுமே அதற்கு வழி. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் அக்குச்சிகள் வேர்பிடிக்க வைக்கப்பட்டு வெளியூர்களுக்குச் செல்கின்றன. அங்குள்ள நிலமும் மணற்பாங்கானதே.